மூன்று நாள் குளுத்தி

1991 வைகாசியில் ஒரு காலை, ஆரையம்பதியின் வடக்கு எல்லையில் மூடிக் கிடந்த பேக்கரிக்குள் நடந்த பேச்சு இது. பாலசுந்தரி பிற்காலத்தில் எத்தனையோ தடவை இதை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவையும் வரிசை மாறியதில்லை.

முதலில் குழாயைப் பற்றித்தான் கேட்டார்கள்.

"இது என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார் இராணுவ அதிகாரி. நாலடி நீள இரும்புக் குழாய் ஒன்று அவர் கையில் இருந்தது. மொழிபெயர்க்க வந்திருந்த பாலசுந்தரி அதைத் தமிழில் கேட்டாள்.

"ஊதுறது, ஐயா" என்றார் அழகரத்தினம்.

"ஊதுவதாம்" என்று அவள் சிங்களத்தில் சொன்னாள்.

"எதை?"

"கண்ணாடிய."

"கண்ணாடியை எதனால் ஊதுவது?"

"வாயாலதான்."

பின்னால் நின்ற படையினரில் ஒருவன் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. குழாயைக் கண்ணில் வைத்து வாசல் வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த சாக்கைச் சப்பாத்துக் காலால் தள்ளினார். வெள்ளைத் தூள் கொஞ்சம் கொட்டுண்டது.

"இது?"

"உடுப்புத் தோய்க்கிற சோடா, ஐயா."

"கண்ணாடிக்கு எதற்கு உடுப்புச் சோடா?"

"போட்டாக் கெதியா உருகும்."

அதிகாரி தூளை விரலில் தொட்டு முகர்ந்தார். அவரது மூக்குக் கண்ணாடியின் ஒரு காதில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அவர் போறணையின் பக்கம் திரும்பினார். பாண் சுடுகிற பெரிய செங்கல் அடுப்பு அது. அதன் வாயைக் கல் வைத்து அடைத்து, சேறு பூசியிருந்தது. அவர் உள்ளங்கையை அதில் வைத்து உடனே இழுத்துக்கொண்டார். ஒரு வருடமாகப் பாண் சுடாத போறணை கொதித்துக்கொண்டிருந்தது.

"உள்ளே என்ன?"

இதற்கு மட்டும் அழகரத்தினம் அவசரமாகப் பதில் சொன்னார். "அது குளுத்தியில இரிக்கி, ஐயா. மூணு நாளைக்குத் திறக்கப்படா. இடையில திறந்தா எல்லாம் அழிஞ்சிரும்."

குளுத்தி என்றால் பாலசுந்தரிக்கு ஒரு பொருள்தான் தெரியும். கண்ணகி அம்மன் கோயில் கதவை வருடத்தில் ஒருமுறை, வைகாசியில், திறப்பார்கள். கடைசி நாளில் அம்மனின் கோபம் தணியக் குளிர்த்தி பாடி, மறுபடி கதவை அடைப்பார்கள்; ஊர்ப்பேச்சில் அதுதான் குளுத்தி. அந்த வருடம் ஊரில் கூட்டம் கூடப் பயந்து சடங்கை நிறுத்தியிருந்தார்கள். அம்மனின் பொருட்களைத்தான் பத்திரமாக இங்கே வைத்திருக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள்.

"இது கண்ணகி அம்மனுடைய சடங்கு" என்று சிங்களத்தில் சொன்னாள். "நீங்கள் பத்தினி தெய்யோ என்பீர்களே, அந்த அம்மன். மூன்று நாளைக்குத் திறக்கக்கூடாது. திறந்தால் எல்லாம் அழிந்துவிடும்."

அதிகாரி இரண்டு அடி பின்னால் போனார். தன் சப்பாத்துகளைக் குனிந்து பார்த்தார். "பத்தினி தெய்யோவா?" என்றார்.

"ஓம்."

"எப்போது மூடியது?"

அவள் அழகரத்தினத்திடம் கேட்டு, "நேற்றுப் பின்னேரம்" என்றாள்.

"அப்படியென்றால் நாளை மறுநாள் பின்னேரம் வருகிறேன். என் முன்னால்தான் திறக்கவேண்டும். அதுவரைக்கும் ஒருவரும் தொடக்கூடாது, இவரும்தான். இரண்டு பேரைக் காவலுக்கு விட்டுப் போகிறேன். குழாய் என்னிடம் இருக்கட்டும். சொன்னது பொய்யென்றால் நீங்கள் இரண்டு பேருமே முகாமுக்கு வரவேண்டியிருக்கும்."

அழகரத்தினம் நிலத்தைப் பார்த்தபடி, "என்னவாம், மகள்?" என்று கேட்டார்.

"மூணு நாள் பொறுக்கிறாராம், மாமா."

"நல்ல மனிசன்" என்றார் அவர்.

பேச்சு அவ்வளவுதான்.

அழகரத்தினத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மெலிந்த ஆள். கன்னம் இரண்டும் மட்டும் தளர்ந்து பைபோலத் தொங்கும். ஊதி ஊதி வந்தது. இளம் வயதில் தென்பகுதியில் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து பதினாலு வருடம் அங்கே லாம்புச் சுடரைச் சுற்றி நிற்கிற கண்ணாடிச் சிமிலி ஊதினார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் உடுத்த சாரத்தோடு ஊர் வந்தார். கையில் அந்தக் குழாய் மட்டும் இருந்தது. ஊன்றி நடக்கிற தடிபோல அதைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

"பதினாலு வரியம் அங்க இருந்து, சோறு கேக்கக்கூடச் சிங்களம் பழகயில்ல என்ர மனிசன்" என்று அவருடைய மனைவி சின்னத்தங்கம் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "தமிழ் ஆக்களோடதான் வேலையாம், தமிழ் ஆக்களோடதான் சாப்பாடாம். இப்பிடி ஒரு மக்கர எங்க பாத்திங்க?"

அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் வட்டையில் கூலிக்கு நெல் வெட்டினார். அது அவருக்குச் சரிவரவில்லை. காத்தான்குடி உசனார் ஆரையம்பதிப் பக்கமாக வைத்திருந்த பேக்கரியின் பின்வளவில் களிமண்ணால் ஓர் உலை கட்டினார். உசனார் அவருக்குக் கூட்டாளி. சிரட்டைக் கரியைப் போட்டு, கொல்லன் துருத்தியால் ஊதி, உடைந்த சோடாப் போத்தல்களை உருக்குவார். குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தேன்போலச் சுற்றி எடுத்து, ஊதி, நனைத்து மடித்த பத்திரிகைக் கடதாசியை உள்ளங்கையில் வைத்து அதன்மேல் உருட்டி வடிவம் கொடுப்பார். உருட்டும்போது வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். அது மந்திரமென்று ஊரில் பேச்சிருந்தது. கேட்டால், "ஓம், மந்திரம்தான். கடன்காரன் வராம இரிக்க" என்பார்.

சிமிலி வயிற்றுப்பாட்டுக்கு. அவருக்குப் பிடித்த வேலை வேறு. உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகளை ஓட்டின்மேல் அடுக்கி, உலையில் ஒன்றோடொன்று உருகி ஒட்டவிட்டுத் தட்டம் செய்வார். ஷெல் விழுந்து பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் நொறுங்கியபோது மற்றவர்கள் கூட்டி ஒதுக்கிய குவியலை அவர் இரண்டு கடகத்தில் அள்ளிக்கொண்டு வந்தார். ஒரே கண்ணாடியின் துண்டுகள்தான் சண்டையில்லாமல் சேரும், கண்ட கண்ட போத்தலைக் கலந்தால் ஆறும்போது பிரிந்துவிடும் என்பார். ஆனாலும் ஒரு நீலத் துண்டு வைக்காமல் அவரால் இருக்க முடியாது. வயிற்று மருந்து வருகிற நீலப் போத்தலை நெல்லளவு துண்டாக்கி ஓர் ஓரத்தில் வைப்பார். நெல்லளவு என்றால் கண்ணாடி பொறுத்துக்கொள்ளுமாம்.

உலையிலிருந்து வந்த எதையும் வெளியில் வைத்து ஆறவிட ஏலாது. பார்க்க நல்லாயிருக்கும், அடுத்த நாளோ மூன்றாம் நாளோ, ஒருவரும் தொடாமலே 'டிக்' என்று வெடிக்கும். அதனால் பாண் சுட்டு முடிந்த போறணைக்கு மறுபடி நெருப்பு மூட்டி, தணலை வாரிவிட்டு, அந்தச் சூட்டுக்குள் சாம்பலில் கண்ணாடியைப் புதைத்து வாயை அடைத்துவிடுவார். போறணை மெல்ல மெல்லச் சூடு இறங்கி ஆற மூன்று நாள் எடுக்கும். அதற்குத்தான் அவர் குளுத்தி என்று பேர் வைத்திருந்தார். தொழிற்சாலையில் அதற்கு வேறு பேர் இருந்தது. இங்கே வைகாசி மாதத்தில் முதன்முதலாக அவர் போறணையை அடைத்தபோது, "அம்மாளுக்குப் போலக் கதவடைச்சிக் குளுத்தி வைக்கிறாய்" என்று உசனார் பகிடி பண்ணினார். பகிடி பெயராக நிலைத்துவிட்டது. பேக்கரி வளவையும் அவருடைய வீட்டையும் தாண்டி அந்தப் பெயர் எவருக்கும் தெரியாது.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில், சண்டை தொடங்க, உசனார் பேக்கரிக் கதவின் திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்தான்குடிக்குப் போனார். "போறணையச் சும்மா விடாத அழகு. நெருப்புக் காணாட்டி அது இடிஞ்சிரும்" என்று சொல்லிப் போனாராம். அதன் பிறகு அந்த ஒழுங்கையால் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பக்கத்துக்கு ஒருவர் போய்வருவதில்லை.

அதே ஆனியில்தான் கரண்டும் நின்றது. பிள்ளைப்பேற்று விடுதியில் போத்தல் விளக்கை வைத்துப் பிள்ளை பிறந்தது. புகையில் தாயும் பிள்ளையும் இருமினார்கள். விடுதி மருத்துவிச்சி இலட்சுமிப்பிள்ளை பழைய லாம்புகளைத் துடைத்து வைத்துக்கொண்டு அழகரத்தினத்திடம் வந்தாள். லாம்பு இருந்தது, சிமிலி இல்லை. மாசி மாதம் அவர் இருபது சிமிலி ஊதிப் போறணையில் வைத்தார். இலட்சுமிப்பிள்ளை அவசரப்படுத்த, ஒன்றரை நாளில் திறந்துகொடுத்தார். ஒரு கிழமைக்குள் இருபதும் ஒவ்வொன்றாக வெடித்தன. கடைசிச் சிமிலி வெடித்தபோது ஒருத்திக்கு நோவு கண்டிருந்ததாம். கண்ணாடி சிதறிக் கட்டிலில் விழுந்தது. நல்லகாலம், ஒருவருக்கும் படவில்லை.

இலட்சுமிப்பிள்ளை அவரை ஏசவில்லை. அது அவருக்கு இன்னும் பெரிய பாரமாயிற்று. சோடா எங்கும் கிடைக்கவில்லை. மட்டக்களப்புக்கும் கல்லாற்றுக்கும் சைக்கிளில் திரிந்து, மூன்று மாதமாகப் பிடிபிடியாகச் சேர்த்து, முப்பத்திரண்டு சிமிலி ஊதினார். போறணைக்குள் இருந்தவை அவைதான். இன்னொரு முறை ஊதச் சோடாவும் இல்லை, இப்போது குழாயும் இல்லை.

பாலசுந்தரிக்கு இதெல்லாம் அடுத்த நாள்தான் தெரிந்தது. அவள் ஊரில் வளர்ந்தவள் அல்ல. தகப்பன் பொலன்னறுவையில் ரயில்வேயில் வேலை பார்த்தார். எட்டாம் வகுப்புவரை அங்கே சிங்களத்தில் படித்தாள், மிச்சத்தை மட்டக்களப்பில் தமிழில் படித்தாள். இருபத்து மூன்று வயதில் கிராமத்து அரச அலுவலரான விதானையாரின் கந்தோரில் எழுதுகிற வேலை கிடைத்தது. அதிகம் பேசமாட்டாள். படை வரும்போது மொழிபெயர்க்க முன்பு கடைக்கார வினாயகமூர்த்தி போவார். அவரைக் கார்த்திகையில் ஒரு நாள் யாரோ வந்து கூப்பிட்டார்கள். மறுநாள் அவருடைய சைக்கிள் மட்டும் வாவிக்கரையில் கிடந்தது. யார் கூப்பிட்டது என்று ஊரில் எவரும் கேட்கவில்லை. அதன் பிறகு விதானையார் பாலசுந்தரியைக் கூப்பிட்டார்.

அடுத்த நாள் கந்தோருக்குப் போகும் வழியில் அவள் பேக்கரியைப் பார்த்தாள். காவலுக்கு நின்ற இரண்டு படையினரும் சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார்கள். ஒருவன் செவ்வரத்தம்பூ நாலைந்தைக் கோத்துப் போறணையின் ஆணியில் மாட்டியிருந்தான். அதைக் கண்ட ஊர்ப்பெண்கள் யாரோ வாசற்படியில் வேப்பிலையும் ஒரு சிரட்டை மஞ்சள் தண்ணீரும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் நேரே அழகரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். சின்னத்தங்கம் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமி, அம்மாளுடைய சாமான் என்னென்ன உள்ளுக்கு வெச்சிருக்கு?" என்று கேட்டாள் பாலசுந்தரி.

"என்ன சாமான்?"

"குளுத்திச் சாமான்."

சின்னத்தங்கம் கத்தியை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். கையில் மீன்செதிள் ஒட்டியிருந்ததால் சேலைத் தலைப்பை முழங்கையால் இழுத்துக் கண்ணைத் துடைத்தாள். "அடியாத்தே! என்ர மனிசன்ட குளுத்தி அம்மாளுக்கில்லகா, சிமிலிக்கு! ஊரே போய்க் கும்பிடுது, எனக்கென்னடா விளங்கயில்லயே எண்டு நானும் விடியக்க போய் ஒரு கும்பிடு போட்டுட்டு வந்திட்டன்!"

சிரித்து முடிந்தபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. "அப்ப நாளைக்குத் திறக்கக்குள்ள?" என்றாள்.

அழகரத்தினம் மாமரத்தின் கீழ் கட்டிலில் இருந்தார். பாலசுந்தரி நடந்ததைச் சொன்னாள். எந்தச் சொல்லை என்னவென்று மாற்றினாள் என்பதையும் சொன்னாள். தானே முகாமுக்குப் போய்ப் பிழையை ஒத்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"போனா என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"இண்டைக்கே திறப்பாங்க."

"இண்டைக்குத் திறந்தா முப்பத்திரெண்டும் போச்சு. போகாட்டி?"

"நாளைக்கு ரெண்டு பேரையும் பிடிச்சுக்கொண்டு போவாங்க."

அவர் தொங்கும் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். "நாளைக்குத்தானே" என்றார். "அதுக்குள்ள கண்ணாடி ஆறிரும். மறுகா பாப்பம்."

பாலசுந்தரி முகாமுக்குப் போகவில்லை. அது அவருக்காகவா பயத்திலா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் நாலு மணிக்கு அதிகாரி வந்தார். ஒரு படைவீரன் கையில் வெற்றிலை, கற்பூரம், ஒரு போத்தல் தேங்காயெண்ணெய். அதிகாரி வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். ஒழுங்கையில் பெண்கள் கூடி நின்றார்கள். சின்னத்தங்கம் முன்னுக்கு நின்றாள்.

அழகரத்தினம் சேற்றை உடைத்துக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்தார். உள்ளே கையைவிட்டுப் பார்த்தார். சூடு இல்லை. சாம்பலை ஊதினார். முப்பத்திரண்டு சிமிலி, சோடாப் போத்தலின் இளம்பச்சையில், கழுத்துவரை சாம்பலில் நின்றன. அவற்றின் நடுவில் பள்ளிக்கூட ஜன்னலில் செய்த ஒரு தட்டம், ஓரத்தில் நெல்லளவு நீலம்.

அதிகாரி குனிந்து பார்த்தார். இன்னும் உள்ளே பார்த்தார். "எங்கே?" என்றார்.

"ஐயா, அன்றைக்கு நான் ஒரு சொல்லை…" என்று பாலசுந்தரி சிங்களத்தில் தொடங்கினாள்.

"மகள்!" என்று அழகரத்தினம் குறுக்கே தமிழில் சத்தமாகச் சொன்னார். "ஐயாட்டச் சொல்லு. இது பிள்ளைப்பெறுற வாட்டுக்கு. கரண்டில்லாம ஒரு வரியமாப் புகைக்குள்ள கிடந்து பெறுறாளுகள். வேற ஒண்டும் சொல்லாத. இதச் சொல்லு."

அவள் அதை மட்டும் சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்கு நேரம் எடுத்தது. "பத்தினி தெய்யோ பெண்களின் தெய்வம்தானே" என்றார். அதை அவளுக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா தெரியவில்லை. எண்ணெய்ப் போத்தலை வாங்கிப் போறணை வாயில் வைத்தார். "அந்த விளக்குகளில் இதை ஊற்றச் சொல்." சிமிலி லாம்பில் தேங்காயெண்ணெய் எரியாது என்று பாலசுந்தரிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்லவில்லை. அதிகாரி ஜீப்பிலிருந்து குழாயை எடுத்துவரச் செய்து, சுவரில் சாத்திவிட்டு வெளியே போனார்.

காவலுக்கு நின்ற இருவரும் வாசலில் குந்திச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மற்றவனிடம் மெதுவாகச் சிங்களத்தில் சொன்னான்: "அந்தக் கரையில் இருக்கிறது வெடித்துவிட்டது, பார்."

பாலசுந்தரி வாய் திறக்கவில்லை. அழகரத்தினத்தின் கை அதற்கு முன்பே கரைச் சிமிலிக்குப் போய்விட்டது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு இல்லை, ஊதும்போது அகப்பட்ட காற்று நூல்போல நீண்டிருந்தது. "காத்துத்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தலையை நிமிர்த்தினார். பாலசுந்தரி அவரைப் பார்த்தபடி நின்றாள்.

படையினர் போனார்கள். பெண்களும் கலைந்தார்கள். சின்னத்தங்கம் இலட்சுமிப்பிள்ளையைக் கூட்டிவர ஓடினாள். அழகரத்தினம் சிமிலிகளை வைக்கோலில் சுற்றத் தொடங்கினார். பாலசுந்தரி வைக்கோலை எடுத்துக் கொடுத்தாள். பத்துப் பன்னிரண்டு சுற்றியும் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னகா பாக்கிறாய்?" என்றார் கடைசியில்.

"அவன் எனக்குச் சொல்லயில்ல மாமா. உங்களுக்கும் சொல்லயில்ல."

"ஓம்."

"அப்ப முதல் நாள் நான் சொன்னதும்?"

"விளங்கின. நீ பத்தினி தெய்யோ எண்டு சொல்லக்குள்ள எனக்கு நெஞ்சு பக்கெண்டுது. கொஞ்சத்தால நானும் சிரிச்சிருப்பன். மறுகா மூணு நாள் கிடைக்கிதே எண்டு இருந்திட்டன்."

"பிழையெண்டு தெரிஞ்சா திருத்தியிருக்கலாமே?"

"எந்தப் பாஷையில திருத்துற, மகள்?"

அவள் வைக்கோலைக் கொடுத்தாள். அவர் இன்னொன்றைச் சுற்றினார். குழாயை உருட்டும்போது முணுமுணுப்பது என்ன என்று கேட்டாள். "எக்காய், தெக்காய், துனாய்" என்று சிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. தொழிற்சாலையில் அப்படி எண்ணித்தான் ஊதப் பழகினாராம். தமிழில் எண்ணினால் கை பிந்துகிறதாம்.

விடுதிக்குப் போன முப்பத்திரண்டில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. காற்று நூல் ஓடிய சிமிலி கரண்டு திரும்பி வந்த பிறகும் அங்கே ஒரு மூலையில் இருந்தது. பாலசுந்தரியைப் படையினர் அதன் பிறகு பதினொரு தடவை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். இரண்டு தடவை மற்றப் பக்கத்து இயக்கக்காரரும் கூப்பிட்டு, முகாமில் என்ன பேசினாய் என்று கேட்டார்கள். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து அவள் நெடுநேரம் கை கழுவுவாள். அழகரத்தினம் தொண்ணூற்றெட்டுவரை ஊதினார். அந்த வருடம் மார்கழி மழையில் சளி கட்டி, மூச்சு விடமுடியாமல் செத்துப்போனார்.

செத்த வீட்டில் சின்னத்தங்கம் அழுகைக்கு நடுவில், "பதினாலு வரியம் அங்க இருந்து, சோறு கேக்கக்கூடப் பழகாத மனிசன்" என்று சொன்னாள். அழுதுகொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். பாலசுந்தரி தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று போறணையடியில், கடைசிச் சிமிலியையும் சுற்றி வைத்துவிட்டு, கையிலிருந்த சாம்பலைத் தட்டியபடி அவர் அவளிடம் கேட்டது ஒன்றுதான்.

"வினாயகமூர்த்திட சைக்கிள் கிடந்தது உனக்குந் தெரியும். எனக்குச் சிங்களம் தெரியுமெண்டது உன்னோட இரிக்கட்டும், மகள். தங்கத்துக்கும் சொல்லிராத."